நரேந்தர் கண்டோலாவின் 2022 புரோ கபடிப் பருவம்

நரேந்தர் கண்டோலாவின் 2022 பருவம் என்பது, புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணியின் புதுமுக வீரர் நரேந்தர் கண்டோலா வெளிப்படுத்திய ஆட்டத்தைக் குறிக்கும். அரியானா மாநிலத்தைச் சேர்ந்த இவர் அப்பருவத்தில் நரேந்தர் ஹோஷியார் என்ற பெயராலும் அறியப்பட்டார். அறிமுகப் பருவத்திலேயே 243 ரெய்டு புள்ளிகளை எடுத்தார். அதுவரை லீக்கில் அறிமுகமான எந்த ரெய்டரும் முதல் பருவத்தில் இவ்வளவு புள்ளிகளை எடுத்ததில்லை. தமிழ் தலைவாஸ் அணி முதன்முறையாக இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றதும் அப்பருவத்திலேயே ஆகும்.

தமிழ்நாட்டுக் கபடி ரசிகர்கள் பெரிதும் பாராட்டிய தனிவீரர் சாதனைகளுள் இதுவும் ஒன்று. ஒரு ரெய்டரின் பருவத்தை எவ்வாறு மதிப்பிடுவது, தனியொருவரின் புள்ளிகள் அணியின் வெற்றியாக எந்த அளவுக்கு மாறுகின்றன ஆகிய வினாக்களுக்கும் இப்பருவம் நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது.

ரெய்டரின் பணி

கபடியில் எதிரணியின் பகுதிக்குள் "கபடி, கபடி" என்று பாடியபடி நுழைந்து, எதிரணியினரைத் தொட்டுவிட்டுத் தன் பகுதிக்குத் திரும்புபவர் ரெய்டர் எனப்படுகின்றார். சடுகுடு என்று வழங்கப்படும் ஊர்ப்புற ஆட்டத்தில் இது பாடிப் போதல் எனப்படும். தொழில்முறைப் போட்டிகளில் ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஏழு பேர் ஆடுவர். இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆட்டம் நடைபெறும். ஒரு ரெய்டுக்கு 30 வினாடிகள் மட்டுமே உண்டு.

ரெய்டர் புள்ளி பெறும் வழிகள் இரண்டு:

- தொடுபுள்ளி: தொடப்பட்ட ஒவ்வொரு தடுப்பாளருக்கும் ஒரு புள்ளி.
- போனஸ் புள்ளி: எதிரணியில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டோர் களத்தில் இருக்கும்போது, ஒரு காலைத் தூக்கிய நிலையில் மற்றொரு காலால் போனஸ் கோட்டைக் கடந்தால் ஒரு புள்ளி.

இவ்விரண்டின் கூட்டுத்தொகையே ரெய்டு புள்ளிகள் எனப்படுகின்றது. எதிரணியின் அனைவரும் வெளியேறும்போது கிடைக்கும் இரண்டு ஆல் அவுட் புள்ளிகள் அணியின் கணக்கில் மட்டுமே சேரும். ரெய்டரின் கணக்கில் சேரா. ஓர் ஆட்டத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை எடுத்தால் அது சூப்பர் 10 எனப்படும். ஒரே ரெய்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைத்தால் அது சூப்பர் ரெய்டு ஆகும்.

தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் ஓர் அணி புள்ளி எடுக்காவிடில், மூன்றாவது ரெய்டில் கட்டாயமாகப் புள்ளி எடுத்தல் வேண்டும். எடுக்காவிடில் ரெய்டர் வெளியேறுவார். டூ ஆர் டை ரெய்டு என்று அழைக்கப்படும் இதற்குப் பெரும்பாலும் அணியின் முதன்மை ரெய்டரோ இதற்கெனவே பழகிய வேறொருவரோ அனுப்பப்படுவர்.

ஒரு தொடுபுள்ளியின் மதிப்பு புள்ளிப் பலகையில் தோன்றுவதைவிடக் கூடுதலானது. எதிரணியில் ஒருவர் வெளியேறும்போது, தன் அணியில் முன்னர் வெளியேறிய ஒருவர் களத்துக்குத் திரும்புகின்றார். ஆகவே ஒரே தொடுதலில் எதிரணியின் எண்ணிக்கை குறைகின்றது. தன் அணியின் எண்ணிக்கை கூடுகின்றது. இதற்கு நேர்மாறாக, ரெய்டர் பிடிபட்டால் எதிரணிக்குப் புள்ளி கிடைப்பதோடு, தன் அணியினர் யாரேனும் புள்ளி எடுத்து மீட்கும் வரை அவர் வெளியே அமர வேண்டியுள்ளது. முதன்மை ரெய்டர் வெளியே இருக்கும் நிமிடங்களில்தான் பெரும்பாலான அணிகள் ஆல் அவுட் ஆகின்றன.

பின்னணி

தமிழ் தலைவாஸ் அணி 2017ஆம் ஆண்டில் ஐந்தாவது பருவத்தின்போது லீக்கில் இணைந்தது. லீக்கின் அணிகள் எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்ட ஆண்டு அது. 2016 உலகக்கோப்பையில் இந்தியாவின் வெற்றிக்குப் பெரும் பங்காற்றிய அஜய் தாக்கூர் அணித்தலைவராக இருந்தார். 2017, 2018 ஆகிய இரு பருவங்களிலும் அவர் 200க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை எடுத்தார். ஆயினும் இரு முறையும் அணி தன் பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது. அதன் பின்னரும் நிலைமை மாறவில்லை. 2017 முதல் 2021-22 வரையிலான நான்கு பருவங்களில் ஒருமுறைகூட அணி இறுதிக்கட்ட ஆட்டங்களை எட்டவில்லை.

2022 ஆகத்து மாதம் மும்பையில் நடைபெற்ற ஏலத்தில் பவன் செராவத்தை தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதுவரையிலான ஏலங்களில் ஒரு வீரருக்கு அளிக்கப்பட்ட மிக உயர்ந்த தொகை இதுவாகும். பவன் அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் லீக்கின் முன்னணி ரெய்டராக விளங்கியவர். அவர் 2018இல் 271, 2019இல் 346, 2021-22இல் 304 ரெய்டு புள்ளிகளை எடுத்திருந்தார். எனவே அணியின் திட்டங்கள் அனைத்தும் அவரை மையமாகக் கொண்டே அமைந்தன.

நரேந்தர் ஏலத்தில் பெருந்தொகைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். புதிய இளம் வீரர் என்ற பிரிவின் கீழ் அணியில் சேர்க்கப்பட்டவர். இளம் வீரர்களை அணிகள் ஏலத்துக்கு வெளியே நேரடியாகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்காக லீக் ஏற்படுத்திய பிரிவு இது. இவ்வாறு சேர்க்கப்படுவோர் முதல் பருவத்தில் மாற்று வீரர் இருக்கையிலேயே பெரும்பாலும் காலத்தைக் கழிப்பர்.

பருவத்தின் போக்கு

ஒன்பதாவது பருவம் 2022 அக்டோபர் 7 அன்று பெங்களூரில் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் தன் முதல் ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று குஜராத் ஜயண்ட்ஸ் அணிக்கு எதிராக ஆடியது. முதல் பாதியிலேயே எதிரணி வீரரைப் பிடிக்க முயன்றபோது பவன் செராவத்தின் முழங்காலில் காயம் ஏற்பட்டு அவர் களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார். ஆட்டம் 31-31 என்று சமநிலையில் முடிந்தது. அப்பருவத்தில் பவன் மீண்டும் ஆடவில்லை.

இதனால் அணியின் முதன்மை ரெய்டர் என்ற பொறுப்பு புதுமுக வீரரான நரேந்தரிடம் வந்து சேர்ந்தது. தொடக்க வாரங்களில் அணி தோல்விகளைச் சந்தித்தது. பருவத்தின் இடையே பயிற்சியாளர் ஜெ. உதயகுமார் விலக, அசன் குமார் பொறுப்பேற்றார். அதன் பின்னர் அணியின் ஆட்டம் சீரடைந்தது. சாகர், சாகில் குலியா, எம். அபிசேக் முதலியோர் அடங்கிய தடுப்பாட்டம் வலுப்பெற்றது. அஜிங்கியா பவார் இரண்டாவது ரெய்டராகத் துணை நின்றார்.

பன்னிரண்டு அணிகளும் ஒவ்வோர் அணியுடனும் இருமுறை மோதிய அப்பருவத்தில், தமிழ் தலைவாஸ் 22 ஆட்டங்களில் 10 வெற்றி, 8 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கில் ஐந்தாம் இடம் பெற்றது. முதல் ஆறு இடங்களைப் பெற்ற அணிகள் இறுதிக்கட்டத்துக்குச் சென்றன.

இறுதிக்கட்ட ஆட்டங்கள் மும்பையில் நடைபெற்றன. டிசம்பர் 13 அன்று நடந்த வெளியேற்று ஆட்டத்தில் தமிழ் தலைவாஸ், உ.பி. யோத்தாஸ் அணியை எதிர்கொண்டது. லீக் வரலாற்றிலேயே மிகுதியான ரெய்டு புள்ளிகளை எடுத்திருந்த பர்தீப் நர்வால் அப்போது அவ்வணியில் ஆடி வந்தார். ஆட்டம் 36-36 என்று சமநிலையில் முடிந்தது. பின்னர் நடந்த சமன்முறி சுற்றில் தமிழ் தலைவாஸ் 6-4 என்று வென்றது.

சமன்முறி சுற்றின் விதி இங்கு குறிப்பிடத்தக்கது. ஒவ்வோர் அணியும் ஐந்து ரெய்டுகளை மேற்கொள்ள வேண்டும்; அவற்றை ஐந்து வெவ்வேறு வீரர்கள் மேற்கொள்ள வேண்டும். ஆகவே எவ்வளவு சிறந்த ரெய்டராயினும் அவரால் ஒருமுறை மட்டுமே செல்ல முடியும். ஒரு பருவம் முழுவதும் ஒருவரின் ரெய்டுகளைப் பெரிதும் நம்பியிருந்த அணி, தன் வரலாற்றின் முதல் இறுதிக்கட்ட வெற்றியை ஐந்து பேரின் ரெய்டுகளால் பெற்றது.

டிசம்பர் 15 அன்று நடந்த அரையிறுதியில் புனேரி பல்தான் அணியிடம் 37-39 என்று இரு புள்ளிகள் வேறுபாட்டில் தமிழ் தலைவாஸ் தோற்றது. டிசம்பர் 17 அன்று நடந்த இறுதியாட்டத்தில் புனேரி பல்தானை 33-29 என்று வென்று ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் பட்டம் வென்றது. பருவத்தின் சிறந்த புதிய இளம் வீரருக்கான விருது நரேந்தருக்கு வழங்கப்பட்டது.

புள்ளிகளின் மதிப்பீடு

2022 பருவத்தில் ரெய்டு புள்ளிகளில் ஜெய்ப்பூரின் அர்ஜுன் தேஷ்வால் (296), பெங்களூரு புல்ஸ் அணியின் பரத் (279) ஆகியோருக்குப் பின்னால் நரேந்தர் (243) இருந்தார். பட்டியலை மட்டும் நோக்கினால் இது நான்காம் இடமே ஆகும். எனினும் அறிமுகப் பருவங்களை மட்டும் ஒப்பிடும்போது இதன் சிறப்பு புலப்படும். இதற்கு முன் 2018இல் யு மும்பா அணிக்காக அறிமுகமான சித்தார்த் தேசாய் எடுத்த 218 ரெய்டு புள்ளிகளே குறிப்பிடத்தக்க அளவாகக் கருதப்பட்டு வந்தது. நரேந்தர் அதைவிட 25 புள்ளிகள் கூடுதலாக எடுத்தார். தமிழ் தலைவாஸ் அப்பருவத்தில் ஆடிய 24 ஆட்டங்களாலும் வகுத்துப் பார்த்தாலும், ஆட்டத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் என்ற சராசரி கிடைக்கின்றது. அதாவது, சூப்பர் 10 என்று தனிப்பெயரிட்டுப் பாராட்டப்படும் அளவே இவருடைய பருவச் சராசரியாக இருந்தது.

இருப்பினும் மொத்தப் புள்ளிகளை மட்டும் கொண்டு ரெய்டரை மதிப்பிடுதல் போதுமானதன்று. பின்வருவனவற்றையும் கருத்திற் கொள்ள வேண்டும்:

- ரெய்டுகளின் எண்ணிக்கை: மிகுதியாக அனுப்பப்படும் வீரர் இயல்பாகவே மிகுதியான புள்ளிகளை எடுப்பார்.
- பிடிபட்ட எண்ணிக்கை: பத்துப் புள்ளி எடுத்து ஆறு முறை பிடிபட்டவரைவிட, எட்டுப் புள்ளி எடுத்து ஒரே முறை பிடிபட்டவர் அணிக்குக் கூடுதல் பயன் தரலாம்.
- ஆட்டத்தின் நிலை: பதினைந்து புள்ளிகள் முன்னணியில் இருக்கும்போது எடுக்கும் புள்ளியும், கடைசி நிமிடத்தில் சமநிலையில் எடுக்கும் புள்ளியும் கணக்கில் ஒன்றே. பயனில் ஒன்றல்ல.
- துணை ரெய்டர்: இரண்டாவது ரெய்டர் வலுவாக இருந்தால், முதன்மை ரெய்டர் விரைவில் மீட்கப்படுவார்.

பிற சிறந்த பருவங்களுடன் ஒப்பீடு

புரோ கபடியில் ஒரு ரெய்டரின் மிகச்சிறந்த பருவமாகக் கருதப்படுவது பர்தீப் நர்வாலின் 2017 பருவம் ஆகும். பாட்னா பைரேட்ஸ் அணிக்காக 26 ஆட்டங்களில் அவர் 369 ரெய்டு புள்ளிகளை எடுத்தார். ஒரே பருவத்தில் 300 புள்ளிகளைக் கடந்த முதல் வீரரும் அவரே. பிடிக்க வருவோரின் கைகளுக்குக் கீழே உடலை மடக்கி முழுகி எழும் டுப்கி என்ற உத்தியால் அவர் "டுப்கி கிங்" என்று அழைக்கப்பட்டார். அப்பருவத்தின் வெளியேற்று ஆட்டத்தில் அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக 34 ரெய்டு புள்ளிகளை எடுத்தார். அதே ஆட்டத்தில், ஒரே ரெய்டில் களத்திலிருந்த ஆறு தடுப்பாளர்களையும் வெளியேற்றி, ஆல் அவுட் புள்ளிகளையும் சேர்த்து அணிக்கு எட்டுப் புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். 2017 அக்டோபர் 28 அன்று சென்னை ஜவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் பாட்னா 55-38 என்று குஜராத்தை வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றது.

பர்தீப்பின் பருவம் பட்டத்தில் முடிந்தது. நரேந்தரின் பருவம் அரையிறுதியில் முடிந்தது. ஆனால் பர்தீப் 2017இல் தன் நான்காவது பருவத்தை, நடப்பு வெற்றியாளர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். மோனு கோயத் என்ற வலுவான இரண்டாவது ரெய்டரும் அவருடன் இருந்தார். நரேந்தரோ முதல் பருவத்தில், தலைவரை இழந்த அணியில் ஆடினார்.

இத்தகைய நிலைக்கு உலக விளையாட்டு வரலாற்றில் நெருங்கிய எடுத்துக்காட்டு அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் உள்ளது. அவ்விளையாட்டில் பந்தைக் கையில் ஏந்தித் தடுப்பாளர்களுக்கிடையே புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக் எனப்படுகின்றார். எதிரணியினர் பலர் ஒருங்கே பிடிக்க முயல, ஒருவர் விலகியும் வளைந்தும் தப்பிச் செல்வதால் அவருடைய பணி ரெய்டரின் பணியை ஒத்தது. ஓக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரி சாண்டர்ஸ் 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் தர்மன் தாமஸ் என்ற மூத்த வீரருக்கு மாற்று வீரராக இருந்தார். தாமஸ் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றபின் 1988இல் முதன்மை இடத்தைப் பெற்ற சாண்டர்ஸ், 11 ஆட்டங்களில் 2,628 யார் தொலைவு பந்துடன் ஓடினார். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்டத்தின் சிறந்த வீரருக்குரிய ஹைஸ்மன் விருது அவ்வாண்டு அவருக்கு வழங்கப்பட்டது. பருவத்தின் இறுதியில் நடந்த கோப்பை ஆட்டத்தில் அவர் ஓடிய 222 யார் அக்கால விதிப்படி இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மூத்தவரின் இடம் வெற்றிடமாகும்போது இளையவரின் திறன் வெளிப்படுவது இரு நிகழ்வுகளுக்கும் பொதுவானது. வேறுபாடும் உண்டு. சாண்டர்ஸ் இரண்டு ஆண்டுகள் ஆயத்தமாகிக் காத்திருந்தார். நரேந்தருக்குக் கிடைத்த கால அவகாசம் ஓர் ஆட்டத்தின் சில நிமிடங்கள் மட்டுமே.

தமிழ்நாட்டில் வரவேற்பு

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு ஆகும். விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் பொங்கலையொட்டியும் கோயில் திருவிழாக்களையொட்டியும் கபடிப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையிலுள்ள கெடார் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகளில், மண் தரையில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடிய தலைமுறையும், தொலைக்காட்சியில் செயற்கை விரிப்பின் மீது ஆடும் கபடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறையும் ஒருங்கே வாழ்கின்றன. ரெய்டு, டேக்கிள், போனஸ் முதலிய சொற்கள் தமிழ் வர்ணனையின் வழியாக ஊர்ப் போட்டிகளிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

2022 பருவத்தின் ஆட்டங்கள் பெங்களூர், புனே, ஐதராபாத், மும்பை ஆகிய நகரங்களில் மட்டுமே நடைபெற்றன. 2019க்குப் பின் 2023 டிசம்பர் வரை சென்னையில் லீக் ஆட்டம் எதுவும் நடைபெறவில்லை. ஆகவே தமிழ்நாட்டு ரசிகர்கள் தம் அணியின் மிகச்சிறந்த பருவத்தைச் சொந்த ஊர் அரங்கில் காண இயலவில்லை; தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலுமே கண்டனர்.

தமிழ் தலைவாஸ் அணியில் தமிழ்நாட்டு வீரர்களுக்குப் போதிய இடம் அளிக்கப்படுவதில்லை என்ற குறை ரசிகர்களிடையே தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகின்றது. தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணித்தலைவராகப் பட்டம் வென்றவர். இத்தகைய வீரர்களை அளித்த மாநிலத்தில் இக்குறை எழுவது இயல்பே. அரியானாவிலிருந்து வந்த நரேந்தரை ரசிகர்கள் தம்மவராக ஏற்றுக்கொண்டதால் அக்குறை நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது. ஆட்டத்தைப் பாராட்டுவதும் வாய்ப்பைக் கோருவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ரெய்டரின் உடல்நலமும் பணிச்சுமையும்

ரெய்டர்களின் சாதனைகள் பேசப்படும் அளவுக்கு அவர்களின் உடல் தாங்கும் சுமை பேசப்படுவதில்லை. பிடிபடும் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு பேரின் எடை ஒருவரின் கணுக்கால், முழங்கால், தோள் ஆகியவற்றின் மீது விழுகின்றது. பத்து வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் நடைபெறுவதால் ஓய்வுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

தொழில்முறை லீக்கில் மருத்துவரும் உடற்பயிற்சி வல்லுநரும் களத்தின் அருகிலேயே இருப்பர். பவன் செராவத்துக்கு உடனடி மருத்துவ உதவி கிடைத்தது. அவர் 2023இல் தெலுங்கு டைட்டன்ஸ் அணியால் முன்னைவிட உயர்ந்த தொகைக்கு வாங்கப்பட்டு மீண்டும் களம் கண்டார். ஊர்ப்புறப் போட்டிகளில் இவ்வசதி பெரும்பாலும் இல்லை. அதே 2022ஆம் ஆண்டு சூலை மாதம், கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த போட்டியொன்றில் பாடிச் சென்ற இளம் வீரர் ஒருவர் ஆடுகளத்திலேயே மயங்கி விழுந்து உயிரிழந்தார். தொலைக்காட்சியில் காணும் உத்திகளை மண் தரையில் முயலும் இளைஞர்கள் மிகுந்துள்ள மாவட்டங்களில், முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு வாகனமும் ஆடுகளத்தருகே இருப்பது பரிசுக் கோப்பையைவிட இன்றியமையாத ஏற்பாடு ஆகும்.

பின்னர்

2023-24 பருவத்திலும் 2024 பருவத்திலும் நரேந்தர் தமிழ் தலைவாஸ் அணியிலேயே ஆடினார். அவ்விரு பருவங்களிலும் அணி இறுதிக்கட்ட ஆட்டங்களை எட்டவில்லை. முதல் பருவத்தில் அறியப்படாதவராக இருந்த ரெய்டரின் அசைவுகளை எதிரணிகள் அடுத்த பருவத்துக்குள் ஒளிப்படப் பதிவுகளின் துணைகொண்டு கற்றுக்கொள்கின்றன. ஆகவே இரண்டாம் பருவம் எந்தப் புதுமுக ரெய்டருக்கும் கடினமானதே. பர்தீப் நர்வால் 1,801 ரெய்டு புள்ளிகளுடன் 2025இல் ஓய்வு பெற்றார். ஆயினும் 2017இல் எடுத்த 369 புள்ளிகளை அவராலும் பின்னர் எட்ட இயலவில்லை.

இதனால் ஒரு வீரரின் தனிப்பெரும் பருவம் என்பது அவர் ஆண்டுதோறும் தர வேண்டிய அளவன்று என்பது தெளிவாகும். திறன், வாய்ப்பு, உடல்நலம், துணைநிற்கும் அணி ஆகிய நான்கும் ஒருங்கே அமையும் ஆண்டில் மட்டுமே அது நிகழ்கின்றது. தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு அத்தகைய ஆண்டாக 2022 அமைந்தது.